காதக்கா வீட்டுக்கு வந்த நாஸ் பெட்டி

காது பரிசோதனை மையத்தில் வேலை பார்க்கும் அவரை எல்லோரும் காதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபத்தைந்து வயதுப் பெரியவரும் அக்கா என்பார், ஏழு வயதுக் குழந்தையும் அக்கா என்னும். ஒலி புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க, கேக்கலன்னா சும்மா இருங்க, இது பரீட்சை இல்ல" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறார். நாளெல்லாம் நிசப்தத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததாலோ என்னவோ, அவருடைய சொந்தக் காது கத்தி மாதிரி தீட்டப்பட்டுவிட்டது. ஃபிரிட்ஜ் கெடுவதற்கு ஒரு வாரம் முன்பே "இது மூச்சு வாங்குது" என்று சொல்லிவிடுவார்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டபோது, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த காதக்காவுக்கு எழுந்து வந்து பார்க்கத் தேவை இருக்கவில்லை.

"ஹார்டு டிஸ்க்கா?"

"தெரியாம கை பட்டுடுச்சு" என்றார் கணவர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஞாயிறு வந்தால் எதையாவது துடைக்காமல் இருக்க முடியாது. அன்றைக்கு டிவி அலமாரியின் முறை.

காதக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, டிஸ்க்கை லேப்டாப்பில் சொருகி, காதருகே வைத்துக் கேட்டார். உள்ளே டிக், டிக் என்று யாரோ நகம் கடிப்பதுபோல ஒரு சத்தம்.

"போயிடுச்சுங்க."

இருபத்திரண்டு வருஷத்துப் படங்கள் அதற்குள் இருந்தன. மகள் பிறந்தது, நடந்தது, விழுந்தது, பல் விழுந்தது எல்லாம் இருந்தன. கணவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. போன தகவலை மீட்டுத் தருகிற ஆள் ஒருவர் பதினோரு நாள் அந்த டிஸ்க்கோடு மல்லுக்கட்டி, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். கிடைக்காமல் போனது ஒரு மலைப் பயணம் மட்டும். மூன்று நாளும் மழையில் விடுதி அறைக்குள்ளேயே உட்கார்ந்து ஒருவரோடு ஒருவர் சண்டை போட்ட பயணம் அது. யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

ஆனால் காதக்கா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மதிய உணவு இடைவேளைகளில் பரிசோதனை அறையின் கதவைச் சாத்திக்கொண்டு போனில் படிக்கத் தொடங்கினார். பத்து நாளில் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தை எடுத்து வைத்தார்.

"நமக்கு ஒரு நாஸ் வேணும்."

"பேரு என்ன சொன்ன?" என்றார் கணவர்.

"நாஸ். ரவுட்டர் பக்கத்துல வெக்கிற பெட்டி. உள்ள ஹார்டு டிஸ்க் இருக்கும். எல்லார் போனும் தானா அதுல போய்ப் படத்தக் கொட்டிடும். டிவியும் அதுலருந்தே படம் எடுத்து ஓட்டும்."

"பொருத்தமாத்தான் பேரு வெச்சிருக்கான். கடைசியில ஒரு 'அம்' மட்டும் விட்டுப்போச்சு."

"இருந்ததைக் கீழ போட்டு நாசம் பண்ணது யாருன்னு ஞாபகம் வெச்சுக்கிட்டுப் பேசுங்க."

கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினார்.

மேஜையின் மறுபக்கம் காதக்காவின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மாடி அறையில் இருப்பவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். இரும்புத் தகடு உருட்டும் ஆலையில் முப்பது வருஷம் நின்று, ஓய்வு பெறும்போது கேட்கும் திறனில் முக்கால்வாசியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். தங்கை தன் கையாலேயே அவருக்கு இரண்டு காதுக்கும் மெஷின் பொருத்தியிருக்கிறார். இருந்தாலும், "சத்தம் கேக்குது பாப்பா, பேச்சுதான் கேக்கல" என்பார். மேஜையில் யார் பேசினாலும் அவர் பார்வை பேசுகிறவர் வாயில்தான் இருக்கும்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் அண்ணன். "படத்துக்குக் கீழ எழுத்து வரணும். வந்து நிக்கணும். திக்கித் திக்கி வரக் கூடாது."

அவரிடம் பழைய படங்கள் முந்நூறுக்கு மேல் வட்டுகளில் இருந்தன. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். அந்தப் பழைய வட்டுகளில் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, குட்டிக் குட்டிப் படங்களாக இருக்கும். அவற்றைப் படம் ஓடும்போதே பெட்டி தன் மூளையைச் செலவழித்து காட்சியோடு சேர்த்து ஒட்டி டிவிக்கு அனுப்ப வேண்டும். மூளை குறைந்த பெட்டி என்றால் கதாநாயகன் வாயைத் திறந்தபடியே நின்றுவிடுவான்.

விடுதியில் தங்கிக் கட்டடக்கலை படிக்கும் மகள் வீடியோ அழைப்பில் இருந்தாள். "எனக்கு இங்க இருந்தே என் டிராயிங் எல்லாம் எடுக்க வரணும்மா. அவ்வளவுதான்."

"எனக்குச் சத்தம் வரக் கூடாது" என்றார் கணவர். காலை நாலரைக்கு எழுந்து வண்டி எடுப்பவர், மதியம் கூடத்து சோஃபாவில் ஒரு மணி நேரம் படுப்பார். "மினுக்கு மினுக்குன்னு லைட்டும் எரியக் கூடாது."

"உங்க போன்ல ஒன்பதாயிரம் படம் இருக்குங்க. அதுல எட்டாயிரம் ஒரே மரம்."

"வேற வேற நாள்" என்றார் கணவர். கடைசி நிறுத்தத்தில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது எதிரே இருக்கும் வாகை மரத்தை ஏழு வருஷமாகப் படம் எடுக்கிறார்.

"கிளவுடுல போட்டுட்டா முடிஞ்சுதே" என்றாள் மகள்.

"அண்ணனோட படத்தையெல்லாம் நம்ம வீட்டு நெட்டுல மேல ஏத்தி முடிக்கிறதுக்குள்ள நீ படிச்சு முடிச்சு எனக்கு ஒரு வீடே கட்டிக் கொடுத்துடுவ."

அடுத்த சனிக்கிழமை காதக்காவும் அண்ணனும் கடைக்குப் போனார்கள். காதக்காவின் கைப்பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, அண்ணனின் படங்களிலேயே மிகவும் அடம்பிடிக்கிற ஒரு படம் ஏற்றிய பென்டிரைவ். மற்றது, மையத்தில் சொல்லிவிட்டு எடுத்து வந்த ஒலி அளக்கும் கருவி.

கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் அவர்களை நேராக ஒரு பெரிய பெட்டியிடம் அழைத்துப் போனார். நாலு டிஸ்க் போடலாம், முன்னால் நீல விளக்குகள், பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஃபேன்.

"இது வாங்கிட்டீங்கன்னா பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் மேடம்."

காதக்கா கருவியை வெளியே எடுத்தார். "இங்க இரைச்சலா இருக்கு. பின்னாடி ஸ்டாக் ரூம் மாதிரி ஏதாவது இருக்கா? கதவச் சாத்தி ஓட விட்டுப் பார்க்கணும்."

விற்பனையாளர் அவரைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார். "ஒரு நிமிஷம், மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்" என்று கண்ணாடி அறைக்குள் போனார். உள்ளே இருவரும் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. கண்ணாடி நல்ல தடிமன்.

அண்ணன் மட்டும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தங்கையின் முழங்கையைத் தொட்டார்.

"அந்த நாலு டிஸ்க் பெட்டி எட்டு மாசமா போகாம கிடக்குதாம். எப்படியாவது நம்ம தலையில கட்டச் சொல்றாரு மேனேஜர். ரெண்டு டிஸ்க் பெட்டியே இவங்களுக்குப் போதும் சார்னு இவர் சொல்றாரு. சொன்னதைச் செய்யுங்கறாரு அவர்."

தகடு ஆலையில் உருளைகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் ஐம்பது அடி தூரத்தில் இருந்து உதடுகளால்தான் பேசிக்கொள்வார்கள். சம்பளப் பேச்சு, சினிமாப் பேச்சு, மேஸ்திரியைப் பற்றிய வசவு எல்லாம் அப்படித்தான். அண்ணனுக்குக் காது போவதற்கு முன்பே கண் கேட்கப் பழகியிருந்தது.

விற்பனையாளர் திரும்பி வந்து தொண்டையைச் செருமினார். அவர் தொடங்குவதற்குள் அண்ணன், "தம்பி, நீங்க சரியாத்தான் சொன்னீங்க. ரெண்டு டிஸ்க் பெட்டியே காட்டுங்க" என்றார்.

அவர் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தே விட்டார். அதற்குப் பிறகு அவர் விற்பனையாளராக இல்லை. கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு ஸ்டாக் அறைக்குள் மூன்று பெட்டிகளைத் தூக்கி வந்தார்.

நாலு டிஸ்க் பெட்டியும் ஒரு பேச்சுக்கு அளக்கப்பட்டது. முப்பத்தேழு டெசிபெல். "டப்பாக்குள்ள தேனீ மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றார் காதக்கா. இரண்டு டிஸ்க் பெட்டிகளில் ஒன்று மிக அமைதி, பத்தொன்பதுதான் காட்டியது. ஆனால் அண்ணனின் படத்தைப் போட்டதும் நாலாவது வசனத்திலேயே காட்சி உறைந்து நின்றது.

"மூளை கம்மி" என்றார் அண்ணன்.

இன்னொரு பெட்டி கொஞ்சம் கனம். பிராசஸர் வேறு என்றார் விற்பனையாளர். இருபத்திரண்டு டெசிபெல். படம் ஓடியது. சண்டைக் காட்சி வந்தது, ஓடியது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்திப் பேசும் காட்சி வந்தது, எழுத்து தடுக்காமல் வந்து நின்று போனது. அண்ணன் படத்தைப் பார்த்தபடியே ஒரு அட்டைப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். இடைவேளை வரை பார்த்துவிடுவாரோ என்று காதக்கா பயந்தார்.

"இதுவே இருக்கட்டும்."

"மேடம், ஒரு விஷயம்" என்றார் விற்பனையாளர். "இராப்பகலா ஓடறதுக்குன்னு தனி டிஸ்க் வரும், அதையே போடுங்க. ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே விஷயம் பதிவாகும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு காப்பாத்தும். ஆனா அதை நம்பி இருந்துடாதீங்க."

"ஏன்?"

"ரெண்டும் கண்ணாடி மாதிரி. நீங்க இங்க ஒண்ண அழிச்சா, அங்கயும் அடுத்த நொடி அழிஞ்சிடும். மூணாவதா ஒரு காப்பி எடுத்து வீட்டுக்கு வெளிய எங்கயாவது வெச்சுடுங்க. தீ, தண்ணி, திருடன், வீட்டுக்காரர், எது வந்தாலும் அது தப்பிச்சிடும்."

"எங்க வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியுமா?" என்றார் காதக்கா.

பெட்டி வீட்டுக்கு வந்தது. முதல் நாள் வைஃபையில் படம் விட்டு விட்டு வந்ததால், கணவர் சுவரோரமாகக் கேபிள் இழுத்து, சாணுக்கு ஒரு கிளிப் அடித்து, பேருந்துக்கு வயர் போடுகிற நேர்த்தியோடு ரவுட்டரையும் பெட்டியையும் டிவியையும் இணைத்தார். மினுக்கும் விளக்கின் மேல் தானே கறுப்பு டேப் ஒட்டினார். இரவும் பகலுமாக மூன்று நாளில் ஒன்பதாயிரம் படங்களும் ஏறி முடிந்தன. ஏழு வருஷத்து வாகை மரத்தை டிவியில் வரிசையாக ஓட்டியபோது அது இலை உதிர்ந்து, துளிர்த்து, பூத்து, மறுபடி உதிர்ந்தது. காதக்கா அதைக் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு மரத்தைப் பற்றி அவர் கேலி பேசவில்லை.

ஆனால் நாலாம் நாளில் இருந்து கூடத்தில் ஒரு முனகல். காதக்கா மையத்தில் காது மெஷின்களைச் சோதிக்கும் ரப்பர் குழாயை எடுத்து வந்து, பெட்டியின் எல்லாப் பக்கமும் வைத்துக் கேட்டார். கீழே ரப்பர் அட்டை போட்டார். தள்ளி வைத்தார். தூக்கி வைத்தார். முனகல் அப்படியே இருந்தது. கடையில் இருபத்திரண்டு காட்டிய பெட்டி வீட்டில் இருபத்தொன்பது காட்டியது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கூட யோசித்துவிட்டார்.

அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்து, இந்தக் கூத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு அலமாரியின் மேல் விரல்களைப் பரப்பி வைத்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே போய், கோடியில் நின்ற புகைப்படச் சட்டத்தின் மேல் ஒரு விரலை வைத்தார். முனகல் நின்றது.

"கண்ணாடி லூசா இருக்கு பாப்பா. பெட்டி மேல ஒண்ணும் தப்பில்ல."

ஊர்க் காதையெல்லாம் சோதிக்கிற தங்கை வாயைத் திறந்தபடி நின்றார். கணவர் சோஃபாவில் புரண்டு படுத்தபடி, "மச்சானைப் பேசாம உன் சென்டர்ல வேலைக்குச் சேத்து விடு" என்றார்.

படம் தடையில்லாமல் ஓடத் தொடங்கியதும் அண்ணன் வீட்டு வீடியோக்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அங்கேதான் அவருக்குக் குறை வந்தது. மருமகள் மூன்று வயதில் ஏதோ சொல்கிறாள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கீழே எழுத்து இல்லை.

"இதுக்கும் சப்டைட்டில் போட முடியுமா?" என்று மருமகளிடம் கேட்டார்.

"முடியும் மாமா. சாதா எழுத்து ஃபைல்தான். எத்தனாவது நொடியில வரணும்னு போட்டு, கீழ என்ன பேசினாங்கன்னு அடிக்கணும். நான் சொல்லித் தரேன்."

வீடியோ அழைப்பிலேயே இரண்டு நாளில் கற்றுக்கொண்டார். உதடு தெரியும் இடத்தில் தானே படித்தார். தெரியாத இடத்தில் தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டார். காலைச் சாப்பாடு முடிந்தால் மாடி ஏறிவிடுவார், மதியம் கூப்பிட்டால்தான் இறங்குவார். கண்டது, தோன்றியது எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்வார். "அப்பா வேணாம், மாமாகிட்ட போறேன்" என்று மகள் அழுகிற இடத்தில், (குழந்தைக்கு அப்போதே விவரம் தெரிந்திருக்கிறது) என்று இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவர் ஒரு நாள் தங்கையின் கல்யாண வீடியோவைத் திறந்தார்.

பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணம். வீடியோ எடுத்தவர் ஆட்கள் பேசிய சத்தத்தையெல்லாம் நீக்கிவிட்டு, முழுக்க வயலின் இசையைப் போட்டுக் கொடுத்திருந்தார். அதனால் இருபத்திரண்டு வருஷமாக அதில் யாருமே எதுவும் பேசியதில்லை. வாய்கள் அசையும், வயலின் அழும்.

ஐந்து நாள் உட்கார்ந்து எழுதி முடித்த பிறகு, ஞாயிறு மதியம், விடுமுறைக்கு மகளும் வந்திருந்தபோது அண்ணன் எல்லோரையும் டிவி முன்னால் உட்கார வைத்தார். வயலின் தொடங்கியது. கீழே எழுத்து வரத் தொடங்கியது.

கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிரும் மணப்பெண் தன் தோழியிடம், "பேனா எழுதவே இல்லடி, ரெண்டு தடவை அழுத்தினேன்." மூலையில் நின்ற சித்தி சித்தப்பாவிடம், "உங்க சட்டை பட்டன் மாறிப் போச்சு, நாலாவது போட்டோவுல இருந்து சொல்லிட்டிருக்கேன்." பதிவாளர் உதவியாளரிடம், "அடுத்த ஜோடி எங்க, கூப்பிடு, பசிக்குது."

மகள் கீழே உருண்டு சிரித்தாள். காதக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இறந்துபோன அப்பா கூட்டத்துக்கு நடுவே யாரையும் பார்க்காமல் தனக்குத்தானே, "நல்லா இருக்கணும், நல்லா இருக்கணும்" என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

அடுத்த காட்சியில் மாப்பிள்ளை தன் நண்பனின் தோளில் கைபோட்டு, எதிரே பார்த்தபடி ஏதோ சொல்லிச் சிரித்தார். எழுத்து வந்தது. "அவ அண்ணன் மூஞ்சியப் பாரு. சிரிச்சா வரி கட்டணும்னு யாரோ சொல்லிட்டாங்க போல." அதற்குக் கீழே, அடைப்புக்குறிக்குள்: (உண்மைதான்.)

கணவர் எழுந்து, தண்ணீர் குடிக்கிறேன் என்று சமையலறைக்குப் போனார். வெகு நேரம் தண்ணீர் குடித்தார்.

மூன்று நாள் கழித்து, மகள் மறுபடி பார்க்க ஆசைப்பட்டுப் போட்டபோது படம் மட்டும் ஓடியது. எழுத்து இல்லை. அண்ணன் மேலே போய்த் தேடினார், எழுத்து இருந்த ஃபைலையே காணோம். ஐந்து நாள் வேலை. கடைக்காரர் சொன்னது போலவே இரண்டு டிஸ்க்கும் ஒற்றுமையாக அதைத் துடைத்திருந்தன.

காதக்கா கணவரைப் பார்த்தார். அவர் சன்னல் பக்கம் திரும்பி நின்று, "நான்தான் அழிச்சேன்" என்றார்.

"திரும்பி நின்னு சொல்லுங்க. அண்ணனுக்கு முதுகு படிக்க வராது."

கணவர் திரும்பினார். காது நுனி சிவந்திருந்தது. "மச்சான், அந்த சப்டைட்டில நான்தான் அழிச்சுட்டேன். ஒரே வீட்டுல இத்தனை வருஷமா உங்ககூட உக்காந்து சாப்பிடறேன். அன்னிக்கு வாய்க்கு வந்ததப் பேசியிருக்கேன். அது டிவியில பெரிசா வந்து நிக்கறத என்னால பார்க்க முடியல."

அண்ணன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "மாப்ள, அதை நான் அன்னிக்கே படிச்சுட்டேன். உங்க எதிர்லதானே நின்னேன்."

கணவருக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. சிரிச்சா நான் படிச்சது உங்களுக்குத் தெரிஞ்சுடும், கல்யாணத்தன்னிக்கு உங்களுக்குச் சங்கடமாயிடும். அதான் பல்லக் கடிச்சுக்கிட்டு சாயந்திரம் வரைக்கும் அப்படியே நின்னேன். அதுக்கப்புறம் எல்லா போட்டோவுலயும் என் மூஞ்சி அப்படி இருக்கறதுக்கு நீங்கதான் காரணம்."

முதலில் சிரித்தது மகள்தான். பிறகு கணவர் சோஃபாவில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று காதக்கா கிட்டே போய்ப் பார்த்தார். தோள் குலுங்கியது சிரிப்பில்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியிலிருந்து ஒரு சின்ன டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து, மையத்தில் தன் மேஜை டிராயரில் பூட்டி வைப்பது காதக்காவின் வழக்கமாகியிருந்தது. டிவியில் போட்டுக் காட்டுவதற்கு முன்பே, வெள்ளிக்கிழமைக்குள் எழுத்து வேலை முடிந்திருந்ததால் அந்த வாரக் காப்பியில் அது இருந்தது. மறுநாள் மாலை டிஸ்க்கைக் கொண்டுவந்து அந்த ஃபைலைத் திரும்பப் போட்டார். கணவரின் கணக்கில் இருந்த அழிக்கும் அனுமதியையும் எடுத்துவிட்டார். கணவர் ஒரு திருத்தம் மட்டும் கேட்டார். அந்த வசனத்துக்கு முன்னால், (ஷூ கடித்த வலியில்) என்று சேர்க்கச் சொன்னார். அண்ணன் சேர்த்தார்.

விஷயம் உறவுக்காரர்களிடையே பரவ அதிக நாள் ஆகவில்லை. எல்லோர் வீட்டிலும் ஒரு வயலின் வீடியோ இருந்தது. மூன்று பேர் அனுப்பி வைத்தார்கள். பெட்டியில் மாமா ஆபீஸ் என்று மகள் ஒரு தனிக் கோப்புறை திறந்து கொடுத்தாள். அண்ணன் வரிசைப்படிதான் செய்வேன் என்று கண்டிப்பாக இருந்தார்.

சட்டை பட்டன் சித்தியும் தன்னுடைய அறுபதாம் பிறந்தநாள் விருந்து வீடியோவை ஆசையாக அனுப்பினார். மறுநாள் காலையிலேயே காதக்காவுக்கு போன் செய்தார்.

"அண்ணன் அதைப் பார்க்க ஆரம்பிச்சுட்டானா?"

"இன்னும் இல்ல சித்தி. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க."

"அப்ப அதை எடுத்துடும்மா. நேத்து படுத்து யோசிச்சுப் பார்த்தேன். அன்னிக்கு நான் நிறைய பேசியிருக்கேன்."